விடுவதும் விடாததும்

1772-ஆம் ஆண்டு காளையார்கோவிலில், ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும் ஏவிய படைகளின் தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீரமரணம் எய்தினார். அரசி வேலு நாச்சியார் அக்கணமே பழிதீர்க்கப் புறப்பட்டிருந்தால், சிவகங்கையின் வாரிசும் அன்றே அழிந்திருக்கக்கூடும். அவரோ மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சியை அடைந்து, கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அரண்மனையை விட்டார், மீட்கும் நோக்கத்தை விடவில்லை. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் துணையை நாடி, எட்டாண்டுகள் காத்திருந்து, 1780-இல் மருது சகோதரர்களுடன் சிவகங்கையை மீட்டார்.

வேண்டுதல் கைகூடத் தாமதமாகும்போது, விட வேண்டியது குறிக்கோளையா, வழியையா என்று அன்பர்கள் சிந்தித்தல் நலம். அடைபட்ட வழியை விடுதல் தோல்வியன்று. குறிக்கோளே தர்மத்துக்கு ஒவ்வாததெனில், அதையும் இறைவன் திருவடியில் வைத்துவிடுவதே உண்மைச் சரணாகதி.