சைலோசைபினின் சட்ட நிலை

சைலோசைபின் என்பது சில வகைக் காளான்களில் காணப்படும், மாயத்தோற்றங்களை உண்டாக்கும் வேதிப்பொருள் ஆகும். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாப்மன் 1958-இல் இதைக் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். பின்னர் இது ஆய்வகத்தில் செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது. பெரும்பாலான நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. எனினும், தடை வேதிப்பொருளுக்கு மட்டுமா, அதைக் கொண்ட காளானுக்கும் உண்டா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன.

பன்னாட்டு உடன்படிக்கை

ஐக்கிய நாடுகள் அவையின் 1971-ஆம் ஆண்டு மனமயக்கப் பொருட்கள் உடன்படிக்கை, சைலோசைபினை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்த்தது. காளான்களின் பெயர்கள் அதில் இல்லை.

இந்தியா

திண்டுக்கல் மாவட்டத்தில் கன்னிவாடி, பழனி ஆகிய ஊர்களுக்கு மேலே எழும் பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் உள்ளது. இங்கு 'போதைக் காளான்' விற்றதாகவும் வைத்திருந்ததாகவும் பலர் கைது செய்யப்பட்டுள்ளனர். காட்டில் தானாக முளைப்பதால் இது குற்றமாகாது என்று சுற்றுலாப் பயணிகள் சிலர் கருதுகின்றனர். இது தவறு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் சைலோசைபின் இடம்பெற்றுள்ளது.

தண்டனை எடையைப் பொறுத்தது. சைலோசைபினுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல். வணிக அளவு வழக்குகளில் பிணை கிடைப்பதும் அரிது.

எதை எடை போடுவது என்பதே சிக்கல். எடுத்துக்காட்டாக, 1 விழுக்காடு சைலோசைபின் கொண்ட 100 கிராம் உலர்ந்த காளானில் அந்த வேதிப்பொருள் 1 கிராம் மட்டுமே இருக்கும். காளான் முழுவதையும் நிறுத்தால் அது வணிக அளவு. வேதிப்பொருளை மட்டும் கணக்கிட்டால் சிறிய அளவு. கலவையில் உள்ள நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் காளான் இயற்கையாக விளையும் பூஞ்சை, அது கலவை ஆகாது என்று 2025 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு பிணை வழக்கில் கூறியது.

பிற நாடுகள்

* ஐக்கிய இராச்சியம்: 2005-இல் பதப்படுத்தாத காளானுக்கும் தடை விதித்தது.
* நெதர்லாந்து: 2008 திசம்பரில் காளான்களைத் தடை செய்தது. மண்ணுக்கடியில் கிழங்கு போல் திரளும் பூஞ்சைப் பகுதி தடைப் பட்டியலில் இல்லை.
* யமேக்கா: காளான்களுக்குத் தடை இல்லை.
* ஐக்கிய அமெரிக்கா: நடுவண் சட்டம் தடை செய்கிறது. ஓரிகன் மாநிலம் 2020 வாக்கெடுப்பின்படி, உரிமம் பெற்ற மையங்களில் மேற்பார்வையுடன் உட்கொள்ள அனுமதிக்கிறது.
* ஆத்திரேலியா: 2023 சூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் பிற சிகிச்சைகளால் குணமாகாத மனச்சோர்வுக்குப் பரிந்துரைக்கலாம்.

வெளிநாட்டில் கிடைக்கும் இத்தகைய அனுமதி இந்தியாவில் செல்லாது.