போன பல்லுக்குப் பொடி இல்லை... பாலம் உண்டு!

"கடவாப் பல்லு பாதி ஒடஞ்சிட்டு, வைத்தியரய்யா. திரும்ப வளரதுக்கு நம்ம மருந்துல ஏதாவது பொடி இருக்குமே?"

சேரன்மகாதேவியில் என்னிடம் வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் ஆயிற்றே, கண்டிப்பாக ஒரு பொடி வைத்திருப்பான் என்ற நம்பிக்கை! நான் சொல்கிற பதில்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அப்படி ஒரு பொடி கிடையாது.

பல்லின் மேற்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் உடைந்தால் கூடாது. அதை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் ஈறை விட்டு வெளியே வந்ததுமே மறைந்துவிடுகின்றன. வீட்டைக் கட்டி முடித்த கொத்தனார் ஊரையே காலி பண்ணிட்டுப் போன மாதிரி! கடுக்காய், கருவேலம்பட்டை, மாசிக்காய் சேர்ந்த பற்பொடி ஈறை இறுக்கும். நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் உடைந்த பல்லை அது கட்டாது. வலி தாங்காமல் சொத்தைக் குழியில் எருக்கம்பால் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கன்னமும் ஈறும் வெந்து புண்ணாகும்; கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

உடைந்த பல்லுக்கு வழி, நாம் 'கேப்' என்று சொல்கிற உறை. பல்லில் பெரிய ஓட்டை, அல்லது வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் என்றால் பல் டாக்டர் இதைத்தான் சொல்வார். வேர் சிகிச்சை முடிந்ததும் வலி போய்விடும். அத்தோடு பலர் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடுகிறார்கள். உள்ளே குடைந்து எடுத்ததில் மெலிந்துபோன பல் அது. ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது வேர் வரை நெடுகப் பிளந்துவிட்டால், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் வீண்.

கேப் போட, பல்லின் மேற்பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையும், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவிலும் ராவி எடுப்பார்கள். ராவினது ராவினதுதான், திரும்ப வராது. அதனால் நல்ல முன்பல்லுக்கு 'அழகுக்காக' கேப் போடலாமா என்று கேட்கும் கல்யாணப் பெண்களுக்கு என் பதில்: அவசரப்படாதீங்க!

ராவிய பிறகு அச்சு எடுத்து, தற்காலிக உறை ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். அது இருக்கும் நாட்களில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அல்வா எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அசல் உறை உலோகத்திலோ, உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதிலோ, ஜிர்கோனியாவிலோ வரும். உலோக உறையை வார்க்கும் விதம் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்கு மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் அல்லவா? அதே வித்தைதான்! அமெரிக்காவில் டாகர்ட் என்ற பல் மருத்துவர் 1907-ல் இதைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தார். கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலிவான உலோக உறைகளில் நிக்கல் கலந்திருக்கலாம்.

சரி, பல்லே போய்விட்டால்? "ஒரு பல்லுதானே, உள்ளே இருக்கு, யார் பார்க்கப் போறா?" என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதுவும் வீட்டுப் பெண்களின் பல் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாச் செலவுக்கும் கடைசியில்தான் அது வரும். ஆனால் பல் இருந்த இடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல், தடுக்க ஆள் இல்லாததால் மெல்ல இறங்கி வரும். சந்துகளில் சோறு மாட்டி அடுத்த சொத்தை ஆரம்பிக்கும். ஒரே பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கமும் தேயும். சரியாக மெல்ல முடியாதவர்கள் காய்கறி, சுண்டலை விட்டுவிட்டுக் குழைந்த சோற்றுக்கு மாறுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இது எவ்வளவு கெடுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (ஞானப்பல்லைப் பிடுங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம், அதற்குப் பதில் பல் தேவையில்லை.)

இந்த இடைவெளிக்குத்தான் 'பிரிட்ஜ்', அதாவது பாலம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தில் போகாத நம்மூர்க்காரர் உண்டா? 1843-ல் அவர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. அந்தப் பாலத்தைத் தூண்கள் ஆற்றுக்குள் இறங்கி நடுவிலும் தாங்குகின்றன. பல் பாலத்துக்கோ இரண்டு ஓரத்திலும் இருக்கிற பற்கள்தான் தூண். அவற்றை ராவி உறை போட்டு, நடுவில் பொய்ப்பல்லைச் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டுகிறார்கள். ஒரு பல் போன இடத்துக்கு இது அருமையாக நிற்கும். நீளம் இரண்டு மடங்கானால் பாலத்தின் வளைவு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் கணக்கு. அதனால் வரிசையாக மூன்று நான்கு பல் போன இடத்துக்கு "பிரிட்ஜே போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். தூணான பல் ஈறு நோயால் ஆடுகிறதென்றால் முதலில் ஈறுக்கு வைத்தியம், அப்புறம்தான் பாலம்.

பிடுங்கிய மறுநாளே போட முடியாது. புண் ஆறி, ஈறு வற்றி நிலைக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தையில்லாத நல்ல பற்கள் என்றால் அவற்றை ராவ மனசு வராது. எனக்கும்தான். அப்போது 'இம்ப்ளான்ட்' பற்றிக் கேளுங்கள். தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் உறை போடும் முறை. சுவீடன் நாட்டு பிரேன்மார்க் 1965-ல் மனிதருக்கு முதலில் செய்தார். எலும்போடு அது பிடிக்கச் சில மாதங்கள் ஆகும், செலவும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், பீடி சிகரெட் ஆகாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதுவும் முடியாது என்றால் கழற்றி மாட்டும் பல் செட்டு இருக்கவே இருக்கிறது. அதில் கேவலம் ஒன்றுமில்லை.

சந்தையில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் "அரை மணியில் கட்டிய பல்" போடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒரு மாவை வைத்து இறுக்கிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. உள்ளே ஈறு அழுகும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். கையில் காசு இல்லையென்றால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள்.

போட்ட பிறகு? பீங்கானுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் உறையும் பல்லும் சேரும் விளிம்பில், ஈறோரம், வரும். கேப் பளபளவென்று இருக்க உள்ளே பல் மக்கிப் போயிருப்பதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் எதையும் அதில் போட்டுத் தேய்க்காதீர்கள். மிருதுவான பிரஷ் போதும். பாலத்துக்கு அடியில் சின்ன பிரஷ்ஷையோ அதற்கென்று விற்கும் நூலையோ நுழைத்து இரவில் சுத்தம் செய்ய வேண்டும். திரிபலா போட்டுக் கொதிக்க வைத்த நீரில் வாய் கொப்பளிப்பது ஈறுக்கு நல்லது. பிரஷ்ஷுக்குப் பதில் அல்ல. வெற்றிலையோடு பாக்கு மெல்கிறவர்கள் அதை விடத்தான் வேண்டும். பாக்கு, வாயைத் திறக்க முடியாமல் இறுக்கும் நோயைத் தரும்; பிறகு டாக்டரால் கருவியைக் கூட உள்ளே விட முடியாது. இப்படிப் பார்த்துக் கொண்டால் கேப்பும் பாலமும் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும்.

புதிதாகப் போட்ட கேப் கடிக்கும்போது முதலில் தட்டினால், "பழகிடும்" என்று பொறுக்காமல் மறுநாளே போய்ச் சரி செய்துகொள்ளுங்கள். என்றாவது கழன்று வந்தால் வீட்டிலிருக்கும் ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள். அப்படியே மாட்டிக்கொண்டு தூங்கவும் வேண்டாம், தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் பல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். உடையாமல் இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டித் தருவார்.