வெண்ணெய் கையிலிருக்க நெய்க்கு அலைவானேன்?

மளிகைக் கடையாகட்டும், துணிக்கடையாகட்டும், இன்று நம்மவர் கடைகள் பலவற்றில் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே அட்டை கிழிந்த கடன் நோட்டும் இருக்கிறது. மாதக் கடைசியில் முதலாளி நம்புவது எதை? நோட்டைத்தான்! "இந்த மென்பொருள் சரியில்லை, வேறு வாங்கவேண்டும்" என்பார். ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், புதியதின் பக்கத்திலும் அதே நோட்டு!

குறை கருவியிலா இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. அதைக் கையாளும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் நினைவிருக்கும். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுப் பதிவார்கள். அந்தப் பதிவிலிருந்துதான் வேலைநாள் கணக்கும் சம்பளமும் பிறந்தன. ஒரு விவரத்தை ஓரிடத்தில், அன்றைக்கே எழுதுவது என்ற அந்தப் பழைய ஒழுங்கே கணினிக்கும் வேண்டும்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். ஒரு பையன் "துவரம் பருப்பு" என்று பதிகிறான். இன்னொருவன் "பருப்பு துவரை" என்கிறான். மூன்றாமவன் "டால்" என்கிறான். கணினிக்கு அவை மூன்று சரக்குகள். ஒன்றில் இருப்பு தீர்ந்ததாகக் காட்டும். கிடங்கிலோ மூட்டைகள் வண்டு பிடித்துக் கிடக்கும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே எண் என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது, எப்போது சரக்கு வாங்குவது? அரிசி நாளொன்றுக்கு 4 மூட்டை விற்கிறது. சொல்லியனுப்பினால் வந்து சேர 5 நாளாகிறது என்று வையுங்கள். 20 மூட்டை அதற்கே வேண்டும். மழை, விடுமுறை என்று தாமதமானால் சமாளிக்க இன்னும் 8 மூட்டை. ஆக, இருப்பு 28 ஆகும்போது சொல்லியனுப்பவேண்டும். இந்த எல்லையைக் குறித்துவைக்கும் இடம் கடை மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. பலர் அதை நிரப்புவதேயில்லை!

மூன்றாவது, கடன். சரக்கு வாங்கப் பணமில்லை என்று வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதே வேளையில், வரவேண்டிய பாக்கி நோட்டுக்குள் தூங்குகிறது. 1979-இல் விசிகால்க் வந்த காலந்தொட்டே, ஓர் எண்ணை மாற்றினால் மொத்தக் கூட்டலையும் தானே திருத்தும் அட்டவணைகள் இருக்கின்றன. இன்று எக்செல் போன்ற ஒன்று கணினியில் இருந்தால் போதும். வாடிக்கையாளர் பெயர், தேதி, தொகை ஆகியவற்றை நிரப்பித் தேதிவாரியாக வரிசைப்படுத்துங்கள். 30 நாள் கடந்தது எது, 60 நாள் கடந்தது எது என்று உடனே தெரிந்துவிடும். யாரை முதலில் கேட்பது என்ற தயக்கமும் நீங்கும்.

மலேசியாவில் மின்விலைப்பட்டியல் முறை, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கி, பிறகு படிப்படியாக விரிந்தது. வருமான வரிக்கான கணக்குகளை 7 ஆண்டுகள் காக்கவேண்டும் என்பதும் சட்டம். தாறுமாறான கணக்கை எத்தனை விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் தாறுமாறாகத்தான் வெளியே வரும். கணக்கின் நகல் ஒன்றை வாரந்தோறும் வேறிடத்தில் சேமிப்பதும் அவசியம்.

புதிய மென்பொருளே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். இருப்பதை மூன்று மாதம் ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள். அதன்பிறகும் எது முடியவில்லையோ, அதை மட்டும் எழுதிவையுங்கள். வாங்கப்போகும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். விற்பவர் சொல்வதை வாங்காமல், உங்களுக்கு வேண்டியதை வாங்குவீர்கள்!