எட்டுக்கு மேல் எத்தனை பம்ப்?

பெஞ்சமின் 392 என்ற அமெரிக்கக் காற்றுத் துப்பாக்கியின் கையேடு ஒரு விஷயத்தில் கறார். 3 பம்ப்புக்குக் குறையக் கூடாது, 8க்கு மேல் போகக் கூடாது. பித்தளைக் குழல், அதோடு பற்றவைத்த பித்தளைப் பம்ப் உருளை, மரக்கட்டை, 5.5 மில்லிமீட்டர் துளை. முன்பிடியே நெம்புகோல், அதை விரித்து மூடினால் உள்ளே ஒரு மடக்குக் காற்று சேரும். வெடிமருந்தும் வாயுக்குப்பியும் இல்லாத இந்தக் கருவிக்குச் சுடுபவரின் தோள்வலுவே எரிபொருள்.

இதே துப்பாக்கியைப் பிரித்து, பிஸ்டனையும் வால்வையும் திருத்தி, நெம்புகோலை வலுப்படுத்தி, 14 பம்ப் வரை ஏற்றும்படி செய்து தரும் கைவினைஞர்கள் அமெரிக்காவில் உண்டு. அப்படித் திருத்திய துப்பாக்கி கைக்கு வந்ததும் அதன் உரிமையாளர் செய்யும் முதல் வேலை குறிபார்ப்பது அல்ல, அளப்பது. எத்தனை பம்ப்புக்கு எவ்வளவு வேகம்? எந்த பெல்லட், அதாவது ஈயக்குண்டு, இந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது?

8 பம்ப்பை 14 ஆக்கினால் வேகமும் முக்கால் பங்கு கூடிவிடும் என்று தோன்றலாம். அப்படிக் கூடுவதில்லை. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆற்றலைக் கொடுத்தாலும் வேகம் 41 சதவீதம்தான் உயரும். அந்த ஆற்றலும் முழுதாகக் கிடைக்காது. பிஸ்டன் கடைசிவரை முன்னேறிய பிறகும் அதன் முகத்துக்கும் வால்வின் முகத்துக்கும் நடுவே ஒரு சிறு சந்து மிஞ்சும். அங்கே அகப்படும் காற்று வால்வுக்குள் நுழையாது. தொடக்கத்தில் இந்த நஷ்டம் தெரியாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஒவ்வொரு இழுப்பிலும் கூடுதலான காற்று அந்தச் சந்திலேயே தங்கிவிடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கை வலிப்பதுதான் மிச்சம். திருத்துபவர்கள் பிஸ்டனின் முகத்தையும் வால்வின் முகத்தையும் தட்டையாக்கி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கச் செய்வது இதற்காகத்தான். நுணுக்கமான வேலை அது. முடியளவு இடைவெளி கூடினாலும் பலன் குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் நெம்புகோல் முழுதாக மூடாது.

இன்னொரு எல்லை வால்வில் இருக்கிறது. விசையை இழுத்ததும் ஒரு சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டித் திறக்கும். உள்ளே அழுத்தம் அளவு மீறினால் சுத்தியலின் அடி போதாது. வால்வு அரைகுறையாகத் திறந்து மூடிக்கொள்ளும், பாதிக் காற்று உள்ளேயே நின்றுவிடும். அப்போது பம்ப் கூடியும் வேகம் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பெல்லட் பறந்த பிறகு துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, பெல்லட் போடாமல் சுத்தியலை மறுபடி ஏற்றி விசையை இழுப்பது. காற்றுச் சீறினால் மிச்சம் இருந்தது என்று பொருள்.

வேகத்தை அளக்கும் கருவிக்குப் பெயர் க்ரோனோகிராஃப். ஓரடி இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள். பெல்லட்டின் நிழல் முதலாவதைக் கடந்து இரண்டாவதை அடையும் நேரத்தை அது கணக்கிடும். நொடிக்கு 600 அடி வேகத்தில் போகும் பெல்லட்டுக்கு அந்த ஓரடி ஒரு நொடியின் 600இல் ஒரு பங்கு. குழல்விளக்கின் கீழே வைத்தால் விளக்கின் துடிப்பையே நிழல் என்று எடுத்துக்கொண்டு தாறுமாறான எண்களைக் காட்டும். வெயில் நேரே விழும் இடமும் ஆகாது.

மின்னணு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையைச் செய்துகாட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். ஊசலாகத் தொங்கும் மரக்கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு பின்னுக்கு ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். 1742இல் அவர் நூலில் வெளியான இந்த முறையை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர் கணித மேதை ஆய்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகச் சென்னைப் பகுதிக்கு வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். குண்டுகளின் வேகத்தை முதன்முதலாக நம்பகமாக அளந்தவரின் கடைசி நாட்கள் நம் கடற்கரையில் கழிந்தன என்பது நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

வேகம் தெரிந்துவிட்டால் போதாது, பெல்லட்டின் எடையும் வேண்டும். இந்தத் துறையில் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம். 14.3 கிரெயின் பெல்லட் நொடிக்கு 183 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 15.5 ஜூல். அதே ஆற்றலை எட்ட 11.9 கிரெயின் பெல்லட் 200 மீட்டர் வேகத்தில் போக வேண்டும், 21.14 கிரெயின் பெல்லட்டுக்கு 150 மீட்டரே போதும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் வேகம் மிக இலேசான பெல்லட்டைக் கொண்டு எட்டியதாக இருந்தால், அந்த எண்ணால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. சட்டமும் பெரும்பாலும் பார்ப்பது ஆற்றலைத்தான். இங்கிலாந்தில் காற்று ரைஃபிள் 12 அடி-பவுண்டைத் தாண்டினால், அதாவது சுமார் 16.3 ஜூலுக்கு மேல் போனால், சான்றிதழ் வேண்டும். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் 20 ஜூலையும் 4.5 மில்லிமீட்டர் துளையையும் உரிமத்துக்கான எல்லைக் கோடுகளாக வைத்திருக்கின்றன.

பெல்லட் என்பது உடுக்கை வடிவ ஈயத்துண்டு. தலை குழலின் சுருள்வரைகளில் ஊர்ந்து நேராக நிற்கும். உட்குழிவான பின்பாவாடை காற்றின் தள்ளலில் விரிந்து குழலை அடைக்கும். 5.5 மில்லிமீட்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் தலையின் அளவு 5.50, 5.51, 5.52 என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விற்பனைக்கு வருகிறது. ஒரே ஆலையில், அடுத்தடுத்த வரிசை எண்ணோடு செய்த இரு குழல்கள்கூட வெவ்வேறு அளவை விரும்பலாம். எந்தப் பட்டியலும் இதைச் சொல்லிவிடாது. வாங்கிச் சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

பம்ப் துப்பாக்கி கனத்த பெல்லட்டிடம் தாராளமாக நடந்துகொள்ளும். கனத்தது மெல்ல நகர்வதால் விரியும் காற்றுக்கு அதைத் தள்ளக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. வேகம் குறைந்தும் ஆற்றல் கூடும். சுருள்வில் துப்பாக்கிகள் பலவற்றில் இது நேர்மாறு. ஆகவே ஒரு வகைத் துப்பாக்கியில் வாங்கிய அனுபவத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

க்ரோனோகிராஃபில் கவனிக்க வேண்டிய எண் உச்ச வேகம் அல்ல. பத்துச் சுடுதல்களில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே உள்ள வித்தியாசம். 30 மீட்டர் தூரத்துக்குள் பெல்லட் புவியீர்ப்பால் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்குகிறது. வேகத்தில் 3 சதவீத ஏற்ற இறக்கம் இருந்தால் இறங்கும் அளவு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மாறும். இலக்கு தீப்பெட்டி அளவு என்றால் அது பெரிய பிழை. இந்த வித்தியாசத்தைக் குறைப்பதில் பாதிப் பொறுப்பு பம்ப் செய்யும் கையுடையது. ஒவ்வொரு இழுப்பும் முழுதாகவும் ஒரே வேகத்திலும் இருக்க வேண்டும். வேகமாகப் பம்ப் செய்தால் காற்றுச் சூடாகும், நின்றால் ஆறி அழுத்தம் இறங்கும். எனவே கடைசி இழுப்புக்கும் விசைக்கும் இடையே உள்ள நேரத்தையும் மாறாமல் வைத்துக்கொள்வார்கள்.

பெல்லட் வகையை மாற்றியதும் முதல் சில சுடுதல்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழலுக்குள் பழைய ஈயப் பூச்சு போய்ப் புதியது படிய வேண்டும். கண்ணாடி அணிவதும், பின்னால் பெல்லட்டை விழுங்கும் தடுப்பு வைப்பதும், முடிந்ததும் கையிலுள்ள ஈயத்தைக் கழுவுவதும் இந்தச் சோதனையின் பகுதிகள்தான்.

எண்களை வரைபடமாக்கினால் முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து, கடைசியில் படுத்துவிடும் ஒரு கோடு தெரியும். 14 பம்ப் தாங்கும் துப்பாக்கியிலும் அந்தக் கோடு சாயத் தொடங்கும் இடமே அன்றாடத்துக்கு ஏற்றது. கை களைக்காது, வித்தியாசமும் குறையும். அந்த எண்ணிக்கையை முடிவுசெய்து, பொருந்திய பெல்லட்டையும் கண்டுகொண்டவர்கள் ஒரே தொகுதி எண்ணுள்ள டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். வேறு அச்சில் அழுத்திய பெல்லட்டுகள் உள்ள டப்பா வந்துவிட்டால் க்ரோனோகிராஃபை மறுபடி விரிக்க வேண்டியிருக்கும்.