உங்களுக்குத் தெரியுமா? பழுப்புப் பல் எல்லாம் அழுக்குப் பல் அல்ல

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர் சிலர், முன்பல்லில் உள்ள பழுப்புக் கறைக்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திச் சிரிப்பதுண்டு. அந்தக் கறை பல் தீட்டாததால் மட்டும் வருவதல்ல. வவுனியா, அனுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளின் சில கிணறுகளில் புளோரைட்டு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகும் சின்ன வயதில் இந்த எல்லைக்கு மேல் புளோரைட்டு உள்ள நீரைக் குடித்து வளர்ந்தால், பல்லின் மேற்பூச்சான மிளிரி பழுதுபட்டு, அதில் கறை படியலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

உமிக்கரியும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, மிளிரிதான் தேயும். பாவம், எத்தனை பிள்ளைகள் இப்படிப் பல்லைக் கெடுத்துக்கொள்கிறார்கள்! கறையைக் குறைக்கப் பல் வைத்தியரிடம் வழியுண்டு.

அதே புளோரைட்டு பற்பசையில் அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும். அக்காமாரே, தம்பிமாரே, விடுதியில் இரவுத் தேத்தண்ணிக்குப் பிறகு பல் தீட்டாமல் படுக்காதீர்கள்: தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால் சொத்தை எளிதில் வரும். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும்.