துண்டு போட்டால் இடம் நமதாகிவிடுமா?



‘துண்டு போட்டு வைப்பது’ என்றொரு பேச்சு வழக்கு நம் மொழியில் உண்டு. தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே சன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ எறிந்து இருக்கையைப் பிடிப்பார்கள். பதவிக்காக முன்கூட்டியே முயல்பவரைக்கூட ‘இப்பவே துண்டு போட்டுட்டாரு’ என்று கேலி செய்வது அதிலிருந்து வந்ததுதான். சிங்கப்பூரில் இதற்கு ‘சோப்’ என்று பெயர். குளிக்கிற சோப்பு அல்ல, உணவங்காடி மேசையில் மெல்லிழைத்தாள் பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போகிறோமே, அந்தச் ‘சோப்’.

சென்ற வாரம் நம் தொலைக்காட்சி அரங்கில் ‘இடம் பிடிப்பது உரிமையா, உபத்திரவமா?’ என்று விவாதித்தோம். உணவங்காடியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்று எண்ணிக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அரங்கம் சூடு பிடித்தது வேறோர் இடத்தில்: சொகுசுக் கப்பலின் நீச்சல் குளத்தருகே போடப்பட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளில். நிகழ்ச்சிக்குப் பிறகும் பலர் அதையே கேட்டதால், ஒளிபரப்பில் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தொடக்கி வைத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பள்ளி விடுமுறையில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பினாங்கு சென்று திரும்பும் கப்பலில் போயிருக்கிறார். தந்தை பக்கவாதம் வந்து தேறியவர். கைத்தடியோடு மேல்தளத்துக்கு ஏறி வந்தவருக்கு நிழலில் உட்கார இடமில்லை. நிழல் விழுந்த வரிசையில் எட்டு நாற்காலிகள், எட்டிலும் துண்டு, ஆள் ஒருவரும் இல்லை.

“பத்து நிமிஷம் பார்த்தேன், இருபது நிமிஷம் பார்த்தேன். அப்பாவுக்குக் கால் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரு துண்டை மடிச்சுப் பக்கத்து நாற்காலியில வச்சிட்டு அவரை உட்கார வச்சேன்” என்றார். துண்டுக்குரியவர் முக்கால் மணி நேரம் கழித்து, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் சத்தம். “விடும்மா, நம்ம இடமில்ல” என்று பெரியவரே எழுந்துவிட்டாராம்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். “ஆண்ட்டி, உங்க அப்பாவுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா நான் ஆறரை மணிக்கே எழுந்து போய் இடம் பிடிச்சேன்னா அது என் உழைப்புதானே? லேட்டா வர்றவங்களுக்காக நான் ஏன் விட்டுக் கொடுக்கணும்?”

கைதட்டல் இரண்டு பேருக்கும் கிடைத்தது. அந்த இளைஞரின் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது நாம் எல்லாரும் ஏற்றுக்கொண்ட நியாயம். வரிசை என்பதே அதை வைத்துத்தான் நிற்கிறது.

கப்பலில் ஏன் இவ்வளவு போட்டி என்பதை முதலில் பார்ப்போம். சூப்பர்ஸ்டார் வெர்கோ 1999-இல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலா பழக்கம். 2012-இல் மரினா பே சொகுசுக் கப்பல் நிலையம் திறக்கப்பட்டது. 2022-இல் இங்கு வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் போன்ற கப்பல்கள் 4,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடியவை. ஆளுக்கொரு சாய்வு நாற்காலி என்று குளத்தருகே போட இடமே கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள், மாறி மாறி உட்காருவார்கள் என்ற கணக்கில்தான் நாற்காலிகள் போடப்படுகின்றன. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் அந்தக் கணக்கு சரியாக வரும், பாதிப் பேர் கரையில் இருப்பார்கள். நாள் முழுக்கக் கடலிலேயே செல்லும் நாளில்தான் தகராறு.

ஐரோப்பியர்கள் வெயிலுக்காக நாற்காலி பிடிக்கிறார்கள். நாம் நிழலுக்காகப் பிடிக்கிறோம். நம் வட்டாரக் கடலில் காலை பதினொரு மணிக்கு மேல் வெட்டவெளி நாற்காலியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். ஆகவே நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் உண்மையான போட்டி கூரையடியிலோ, மேல்தளத்தின் நிழலிலோ இருக்கும் சில வரிசைகளுக்குத்தான். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தேவைப்படுவதும் அதே வரிசைதான். காலையில் விரைந்து வர இயலாதவர்களும் அவர்கள்தான்.

இனி, துண்டு. பேருந்தில் எறிந்த துண்டுக்கும் கப்பலில் விரித்த துண்டுக்கும் என்ன வேறுபாடு? துண்டு எறிந்தவர் இரண்டு நிமிடத்தில் படியேறி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிடுவார். உணவங்காடியில் பொட்டலம் காத்திருப்பது பத்து நிமிடம், வரிசை நீளமானால் கால் மணி நேரம். அதற்குள்ளேயே சூடான தட்டைக் கையில் ஏந்தி நிற்பவருக்கு எரிச்சல் வருகிறது. 2017-இல் தோ பாயோவில் மேசைக்காக நடந்த தகராறில் முதியவர் ஒருவர் இடித்துத் தள்ளப்பட்ட காணொளி பரவி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். கப்பலில் துண்டு காத்திருப்பது மணிக்கணக்கில். ஏழு மணிக்கு விரித்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்கி, குளித்து, பசியாறி, பத்து மணிக்கு வருகிறார்கள்.

அந்தப் பெண்மணி சொன்ன எட்டு நாற்காலிகளை வைத்தே கணக்குப் போடலாம். எட்டு நாற்காலி மூன்று மணி நேரம் சும்மா கிடந்தால் இருபத்து நான்கு மணி நேரம் வீண். ஒருவர் ஒரு மணி நேரம் உட்காருகிறார் என்று வைத்துக்கொண்டால் இருபத்து நான்கு பேர் உட்கார்ந்து எழுந்திருக்கலாம். யார் முந்தி வந்தார் என்பதைவிட, நாற்காலி எவ்வளவு நேரம் ஆளில்லாமல் கிடக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஆறரை மணிக்கு வந்த இளைஞர் ஆறரையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்ப யாருக்கும் உரிமையில்லை. எழுந்து வந்தது அவர் உழைப்பு என்பது சரி. எழுந்து போன பிறகு உழைப்பது துண்டு மட்டும்தானே!

“அந்தக் காலத்துக் கப்பல்களில் நாற்காலியில் பெயரே எழுதி வைப்பார்களாமே?” என்று ஓர் அன்பர் கேட்டார். உண்மைதான். அட்லாண்டிக் கடலைக் கடந்த பழைய பயணக் கப்பல்களில் தளத்து நாற்காலி வாடகைக்கு விடப்பட்டது. டைட்டானிக்கை நடத்திய வைட் ஸ்டார் நிறுவனம் 1912 வாக்கில் ஒரு பயணத்துக்கு நாற்காலி ஒன்றுக்கு 4 ஷில்லிங் வாங்கியது. காசு கொடுத்தவருக்குப் பயணம் முடியும்வரை அது அவர் நாற்காலி. அவர் வராவிட்டாலும் கேள்வி கிடையாது. இன்று அந்த வாடகை இல்லை, நாற்காலி பயணச்சீட்டு வாங்கிய எல்லாருக்கும் பொது. பொதுவாகிவிட்ட பொருளை வாடகைக்கு எடுத்ததுபோல நடத்துவதுதான் இன்றைய சிக்கல். தனி நிழற்குடில் வேண்டுவோருக்குப் பல கப்பல்கள் கட்டணத்துக்கு விடுகின்றன. நாள் முழுவதும் இடம் உறுதியாக வேண்டும் என்பவர்கள் அந்தக் காசைக் கொடுத்துவிடலாம், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

கப்பல் நிறுவனங்கள் சும்மா இருக்கின்றனவா என்றால், விதி போட்டிருக்கின்றன. கார்னிவல் நிறுவனம் 2013-இல் ஒரு முறையைக் கொண்டு வந்தது. ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரத்தைக் குறித்து ஒரு சீட்டு ஒட்டுவார். 40 நிமிடம் கழித்தும் யாரும் வரவில்லை என்றால் பொருள்களை எடுத்து வைத்துவிடுவார்கள். ராயல் கரீபியன் வைத்திருக்கும் அளவு 30 நிமிடம். ஆக, எழுந்து போவதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. கழிவறைக்குப் போகலாம், பானம் வாங்கலாம், குளத்தில் ஒரு முழுக்குப் போட்டு வரலாம். உட்கார்ந்து நிதானமாக மதிய உணவு சாப்பிடுவது அந்த அரை மணிக்குள் அடங்காது. சாப்பிடப் போகிறீர்கள் என்றால் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

விதி இருந்தும் நடைமுறையில் தளர்ந்துபோவது ஏன்? அந்தத் துண்டை எடுக்க வேண்டிய ஊழியரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவர். பயணிகள் எழுதும் கருத்துப் படிவம் அவர் வேலையைப் பாதிக்கும். கோபக்காரப் பயணி ஒருவரின் துண்டை எடுத்துவிட்டுத் திட்டு வாங்குவதைவிடப் பார்க்காததுபோல் நகர்ந்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. நம்மவர்களில் சிலரும் “நான் யார் தெரியுமா” என்று அவர்களிடம்தான் குரலை உயர்த்துகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காட்சி.

ஆனால் விதி போட்டவர் அதை நடத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இது கப்பலில் நடந்ததல்ல, கிரீஸின் ரோட்ஸ் தீவிலுள்ள ஒரு ஹோட்டலில் நடந்தது. 2022-இல் அங்கு விடுமுறைக்குச் சென்ற ஜெர்மானியக் குடும்பம் ஒன்றுக்குக் குளத்தருகே நாற்காலி கிடைக்கவில்லை, எல்லாவற்றிலும் துண்டு. அரை மணிக்கு மேல் இடம் பிடித்து வைக்கக்கூடாது என்று ஹோட்டலில் விதி இருந்தது, அதை யாரும் செயல்படுத்தவில்லை. ஏற்பாட்டு நிறுவனத்திடம் புகார் செய்தும் பயனில்லை. ஹனோவர் நகர நீதிமன்றம் 2023 டிசம்பரில், கட்டணத்தில் ஒரு பகுதியாகச் சுமார் 320 யூரோவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியதுதான். என்றாலும் துண்டு போட்ட சக பயணியைக் கேட்காமல், பயணத்தை விற்ற நிறுவனத்தைக் கேட்டது பாருங்கள், அது முக்கியம்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்று 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் விதி நடப்புக்கு வந்தது. மெல்லிழைத்தாள் வைத்து இடம் பிடிப்பதற்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கண்ணால் பேசி, தலையசைத்து, “உட்காரலாமா?” என்று கேட்டுத்தான் சமாளித்து வருகிறோம்.

கப்பலிலும் முதலில் கேட்பதுதான் வழி. பக்கத்தில் இருப்பவரிடம், “இங்கே ஆள் வருகிறார்களா, எப்போது போனார்கள்?” என்று கேளுங்கள். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்தால் ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்களே துண்டைத் தொடாதீர்கள். அந்தப் பெண்மணியின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது, ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். துண்டுக்கடியில் கைப்பேசியோ கண்ணாடியோ இருந்து, பிறகு காணவில்லை என்றால் நாற்காலிச் சண்டை திருட்டுப் புகாராக மாறிவிடும். ஊழியரிடம் சொல்லும்போது, “அப்பாவால் நிற்க முடியாது, நிழலில் ஓர் இடம் வேண்டும்” என்று தேவையைச் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல் அவருக்கு உதவ அது ஒரு வாய்ப்புக் கொடுக்கும்.

நம் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, இரு பக்கமும் ஆறு நாற்காலிகளில் பை, செருப்பு, பிள்ளையின் மிதவை என்று பரப்பிவிட்டுப் போவதை அரங்கிலேயே மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். பாட்டி பாவம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “ஆள் வருது, ஆள் வருது” என்று சொல்லியே விடுமுறையைக் கழிக்கிறார். குளத்தில் குதிக்கும் பிள்ளைகள் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. நான்கு பிள்ளைகளின் துண்டுக்கும் செருப்புக்கும் ஒரு நாற்காலி தாராளம். பாட்டிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பா பெரும்பாலும் சாப்பாட்டுத் தளத்தில்தான் இருப்பார்!

முதல் முறை போகிறவர்களுக்கு இன்னொரு விவரம். நீச்சல் குளத்துத் துண்டுகளைப் பல கப்பல்களில் உங்கள் அறை அட்டையில் பதிவு செய்துதான் கொடுக்கிறார்கள். ஊழியர் எடுத்துச் சென்ற துண்டாக இருந்தாலும், திரும்பி வரவில்லை என்றால் கட்டணம் உங்கள் கணக்கில்தான் ஏறும். நாற்காலியில் துண்டைக் காணவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சண்டைக்குப் போகாமல் நேராகத் துண்டு வழங்கும் முகப்புக்குப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மடித்து வைத்திருப்பார்கள்.