போட்டோ வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா?

 

நம் அடி அண்ணாமலை 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் கூட்டம் அலைமோதும். எல்லோர் கையிலும் போன் இருக்கு, அதிலேயே போட்டோ எடுத்துக்கறாங்க. ஆனால் ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்குப் பாஸ்போர்ட் போட்டோ வேணும்னா, கிழிந்துபோன தாத்தா படத்தைச் சரிபண்ணணும்னா டவுனுக்குத்தான் போகணும். அதனால் எங்க சித்தி இங்கேயே சின்னதா ஒரு போட்டோ கடை வைக்கலாம்னு மகளிர் சுயஉதவிக் குழுவில் 40,000 ரூபாய் கடன் கேட்டிருக்காங்க. கடன் காசில் வாங்கும் கம்ப்யூட்டர் சரியா அமையணுமே! அதற்காகப் படித்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்க வீட்டுக்கும் உதவும்.

1. முதல் கேள்வி: என்ன வேலை செய்யப் போறோம்?

கடைக்குப் போனதும் "எது நல்ல கம்ப்யூட்டர்?" என்று கேட்கக் கூடாது. "என் வேலைக்கு எது போதும்?" என்று கேட்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

போட்டோ என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி மாதிரி. அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஆக, ஒரு புள்ளிக்கு 3 பைட் இடம் வேணும்.

பாஸ்போர்ட் போட்டோ 35 மி.மீ. × 45 மி.மீ. நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 413 × 531 புள்ளி வரும். மொத்தம் சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம் புள்ளிதான்.

24 மெகாபிக்சல் கேமரா படம் 6000 × 4000. அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளி. மூன்றால் பெருக்கினால் 72 எம்.பி.

கல்யாண ஆல்பத்தின் விரித்த பக்கம் 12 அங்குலம் × 36 அங்குலம் என்றால் 3600 × 10800 புள்ளி. அது சுமார் 117 எம்.பி. பின்னணி, பூ, பொண்ணு, மாப்பிள்ளை, எழுத்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக 10 அடுக்கு வைத்தால் 1,170 எம்.பி. ஆகிவிடும்!

"என் படம் 8 எம்.பி.தானே இருக்கு?" என்று கேட்பீங்க. அது மடிச்சு வைத்த புடவை மாதிரி. ஜேபெக் என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கிறது. வேலை செய்யத் திறந்ததும் விரித்துப் போட முழு இடமும் வேணும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். 2011-ல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா, அண்ணன்களுக்குக் கிடைத்த லேப்டாப் வீட்டில் ஓடுகிற நிலையில் இருந்தால் அதிலேயே ஆரம்பிக்கலாம். ஆல்பம் வேலைக்குத்தான் பலம் வேணும்.

2. ரேம் என்கிற மேஜை

ரேம் என்பது மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது பீரோ. மேஜை சின்னதா இருந்தால் ஒவ்வொரு நோட்டாக எடுத்து எடுத்து பீரோவில் வைத்துக்கொண்டே இருக்கணும். அதுதான் கம்ப்யூட்டர் "சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்கிறோமே, அது.

இன்றைக்குப் போட்டோ வேலைக்கு 8 ஜி.பி. ரேம் என்பது குறைந்தபட்சம். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. காசு பத்தலைன்னா 8 ஜி.பி. வாங்கி, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பிறகு ஒரு தீபாவளிக்கு இன்னொரு 8 சேர்த்துக்கலாம். லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்பில் இதுதான் வசதி. திறந்து ஒவ்வொன்றாக மாற்றலாம்.

3. பீரோவில் எஸ்.எஸ்.டி.

பழைய ஹார்டு டிஸ்கில் தட்டு சுற்றும், ஊசி போன்ற ஒன்று தேடித் தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. அதனால் தேடும் நேரம் மிச்சம். பழைய மெஷினில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே புதுசு மாதிரி ஓடும். 256 ஜி.பி. இருந்தால் தொடங்கலாம், 512 நல்லது.

4. ஐ7 என்ற பெயரில் ஏமாற வேண்டாம்

இதுதான் ரொம்ப முக்கியம். சித்தி விசாரித்த ஒரு கடையில் "ஐ7 மெஷின் இருக்கு, ஐ3 எல்லாம் வேஸ்ட்" என்று சொன்னாங்களாம். ஐ7 என்றால் பெரியது என்று நினைக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் வரும் நம்பரைத்தான் பார்க்கணும்.

ஐ7-2600 என்பது 2011-ல் வந்தது. ஐ3-12100 என்பது 2022-ல் வந்தது. ஐ3 என்றாலும் புதியதுதான் வேகம்! டெஸ்க்டாப்பில் நான்கு இலக்க நம்பராக இருந்தால் பொதுவாக முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம். ஐ5-6500 ஆறாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை.

எட்டு என்ற எண்ணை நினைவில் வையுங்க. விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். அதற்குக் கீழே உள்ளதை மலிவா தள்ளிவிடப் பார்ப்பாங்க.

இன்னொரு விஷயம். இன்டெல் நம்பரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்கணும், செலவு கூடும். ஏ.எம்.டி. ரைசன் 5600ஜி மாதிரி கடைசியில் ஜி இருந்தால் அந்தப் பகுதி உள்ளேயே இருக்கு. விளையாட்டுக்கு வாங்கும் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு நம் போட்டோ வேலைக்குத் தேவையில்லை.

5. பழசு வாங்கலாமா?

வாங்கலாம். பெரிய ஆபீஸ்களில் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமா கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்றவை சுத்தம் செய்து விற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் இந்த மாதிரிக் கடைகள் உண்டு. பில், வாரண்டி இரண்டும் இல்லாமல் வாங்கக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது இல்லையா!

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை:

• நம் படங்கள் பத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஒரே சமயத்தில் திறந்து பார்க்கணும்.
• கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் ஒரு பெட்டி வரும். அதில் ரேம் எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகுது என்று தெரியும்.
• அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் சத்தம் அதிகமாகுதா, மெஷின் நின்னு போகுதான்னு பார்க்கணும்.

6. மானிட்டரில் கஞ்சம் வேண்டாம்

எல்லோரும் பெட்டிக்கே காசு முழுவதையும் போட்டுவிட்டு, கடைசியில் கிடைத்த மானிட்டரை வாங்குவாங்க. ஆனால் நம் கண் பார்ப்பது மானிட்டரைத்தான். மானிட்டர் நீலமாகக் காட்டினால், நாம் அதைச் சரிசெய்கிறோம் என்று மஞ்சளைக் கூட்டுவோம். பிரிண்ட் போட்டால் முகம் மஞ்சள் பூசின மாதிரி வரும். தாளும் மையும் வீண்.

ஐ.பி.எஸ். வகை மானிட்டர் கேளுங்க. சோதிப்பது சுலபம். திரையில் ஒரு முகத்தை வைத்துப் பக்கவாட்டில் நின்று, பிறகு உட்கார்ந்து பாருங்க. நிறம் மாறாமல் இருந்தால் நல்லது. "எஸ்.ஆர்.ஜி.பி." எவ்வளவு சதவீதம் என்றும் கேட்கணும். இது எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-ல் கொண்டுவந்த நிற அளவுகோல். நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் நல்ல பிரிண்ட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்து ஒத்துப்பாருங்க.

நிறம் என்றதும் ஒன்று சொல்லத் தோணுது. சில இடங்களில் நாம் கேட்காமலேயே முகத்தை வெள்ளையாக்கிக் கொடுத்துடறாங்க. கறுப்பா இருக்கிற என் முகத்தை வெள்ளையாக்கினால் அது யார் முகம்? நிறத்தைச் சரியாகக் காட்டுவதுதான் போட்டோ வேலை, நிறத்தை மாற்றுவது அல்ல. சித்தியிடம் இதை இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

7. சாஃப்ட்வேர்

போட்டோஷாப் 1990-ல் வந்தது. இப்போது அதற்குச் சந்தா கட்டணும். திருட்டுக் காப்பி போட்டால் சட்டப்படி தப்பு, கூடவே வைரஸும் வரும். கிம்ப் என்பது முழுக்க இலவசம். 1995-ல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. விண்டோஸிலும் ஓடும், இலவசமான லினக்ஸிலும் ஓடும். வெட்டுவது, ஒட்டுவது, பழைய படத்தின் கீறலை நீக்குவது எல்லாம் செய்யலாம்.

ஆனால் ஒன்று. நம் ஊரில் பல வீட்டில் இறந்துபோன பாட்டிக்கு வோட்டர் ஐ.டி.யில் இருக்கும் படம் மட்டும்தான் இருக்கு. அதைப் பெரிசாக்கி மாலை போடக் கேட்பாங்க. இல்லாத புள்ளியை எந்தக் கம்ப்யூட்டரும் உண்மையாகக் கொண்டுவர முடியாது. ஏ.ஐ. என்று சொல்கிறதும் ஊகித்துத்தான் வரையும், பாட்டியின் முகமே மாறிப்போகலாம். அதனால் உங்க வீட்டுப் பெரியவங்களை இப்பவே நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க.

8. யு.பி.எஸ்., இரண்டாவது பிரதி

கரண்ட் போனால் ரேமில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். யு.பி.எஸ். சில நிமிஷம் தாங்கும். சேவ் பண்ணி மெஷினை அணைக்க அது போதும். வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றும் அவசியம். டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லி ஒருத்தர் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா?

9. சித்தி போட்ட கணக்கு

எட்டாம் தலைமுறைக்கு மேல் பழைய பெட்டி: 22,000
ஐ.பி.எஸ். மானிட்டர்: 8,000
யு.பி.எஸ்.: 3,000
வெளி ஹார்டு டிஸ்க்: 5,000
கீபோர்டு, மவுஸ், ஒயர்: 2,000
மொத்தம்: 40,000

விலை அடிக்கடி மாறும். 2025 கடைசியில் ரேம் விலை நிறைய ஏறியது. அதனால் வாங்கும் வாரத்தில் மூன்று கடையில் விசாரிக்கணும். பிரிண்டருக்குச் சித்தி சீட்டுப் பணம் வச்சிருக்காங்க.

கடனை 20 மாதத்தில் அடைக்க, வட்டி இல்லாமலே மாதம் 2,000 வேணும். 4 × 6 அங்குலத் தாளில் 8 பாஸ்போர்ட் போட்டோ வரும். ஒரு தாளுக்குச் செலவு போக 40 ரூபாய் மிஞ்சினால், மாதம் 50 தாள் போடணும். 25 நாள் கடை திறந்தால் நாளைக்கு இரண்டு பேர். இது நடக்கும். அந்த ஐ7 மெஷினோடு சேர்த்துக் கடைக்காரர் சொன்னது 60,000. அதற்கு மாதம் 3,000 வேணும், 75 தாள் போடணும். தவணையும் கூடும், மெஷினும் பழசு! விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும் என்று சித்தி முடிவு பண்ணிட்டாங்க.

ஆகவே நண்பர்களே! வேலையைத் தீர்மானியுங்கள், நம்பரைப் படியுங்கள், கண்ணால் சோதியுங்கள், பிறகு காசைக் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 4000 × 3000 புள்ளி உள்ள போன் படத்தைத் திறந்தால் ரேமில் எத்தனை எம்.பி. இடம் பிடிக்கும்? விடையைத் தாளில் எழுதி இந்தச் சுவர் இதழின் பெட்டியில் போடுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி